மூலையில் அடுக்கிய பெட்டிகள்

மார்ச் 4, செவ்வாய்

பார்சல் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஐம்பத்து நாலு வயதுக்காரனும் வரலாமாம். மச்சான்தான் விண்ணப்பம் போட்டுவிட்டான், என் மனைவியின் தம்பி. "மாமா, இதுலயாவது ஒட்டிக்கிட்டு இருங்க" என்றான். ஒட்டிக்கொண்டிருக்க நான் என்ன ஸ்டாம்பா? சிரித்து மழுப்பினேன்.

என் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அதே மேஜை. இப்போது வலது தோள் தூக்க வரவில்லை. இஸ்திரியை நிறுத்து என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. நிறுத்தினால் வீடு ஓடாது. எனக்கு இந்த வேலை கிடைத்தால்தான் அவள் நிறுத்த முடியும்.

மார்ச் 5, புதன்

இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்களாம். யோசித்துப் பார்த்தேன். தியேட்டரில் படம் ஓட்டினேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். போட்டோ ஸ்டுடியோ, பெயிண்ட் கடை, லிஃப்ட் மெக்கானிக்குக் கையாள். பெரிய துணிக்கடையில் கண்ணாடி ஜன்னல் அலங்காரம் — அதில்தான் என் கை பேசியது. அதையும் விட்டேன். மேனேஜர் ஒருமையில் கூப்பிட்டான் என்று. பெயிண்ட் கடையை வாசனை பிடிக்காமல். ஸ்டுடியோவை? சும்மாதான், சலித்துப்போய்.

ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து "விட்டுட்டு வந்துட்டேன்" என்பேன். "சாப்பிட்டீங்களா?" என்பாள். என் பெண்டாட்டி ஒரு கேள்வி கேட்கமாட்டாள் என்று வெளியில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கேட்டிருக்கலாம் அவள்.

மார்ச் 6, வியாழன்

தேர்வு. எல்லாம் சுலபம், கடைசிக் கேள்வியைத் தவிர. ஒரு படம். சுவர் மூலையில் படிப்படியாக அடுக்கிய பெட்டிகள். மொத்தம் எத்தனை? ஆறு என்று எழுதினேன். முடிந்ததும் மேற்பார்வையாளர் அம்மா விடையைச் சொன்னார்: பத்து.

சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. எழுந்து நின்று, "மேடம், துணிக்கடை ஜன்னல்ல நாங்க இப்படித்தான் அடுக்குவோம். உள்ள ஒரு ஸ்டூலப் போட்டு, வெளிய மட்டும் பெட்டி வைப்போம். உள்ள ஒண்ணுமே இருக்காது" என்றேன்.

"இங்க லாரில ஏத்துறது பெட்டி சார், ஸ்டூல் இல்ல."

அறையே சிரித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நியாயம் கேட்கலாமென்று அதே படத்தை ஒரு பழைய உறையின் பின்பக்கம் வரைந்து அவளிடம் நீட்டினேன். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து" என்றாள்.

"கண்ணுக்கு ஆறுதானே தெரியுது?"

"கீழ ஒண்ணு தாங்காம மேல ஒண்ணு எப்படிங்க நிக்கும்?"

அவ்வளவுதான். ஸ்டூல் கதையைச் சொன்னபோதும் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுபடி தைலத்தை விரலில் தொட்டுக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் என் சாமர்த்தியத்துலதான் நிக்கிறேன்னு நெனச்சேனே! எத்தனை வேலை பாத்தவன் தெரியுமான்னு கண்டவன்கிட்டயெல்லாம் அளந்தேனே. வலிக்குதுன்னு அவ எப்பவாவது சொன்னாளா? சொல்லியிருந்தா நான் காதுல வாங்கியிருப்பேனா?

மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எண்ணும் வேலை இல்லை. மேற்பார்வையாளர் அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். லாரியிலிருந்து இறக்கி அடுக்கும் பிரிவில் ஓர் இடம் இருக்கிறதாம். "உங்களுக்குச் சரிப்படுமா?" என்று தயங்கினார். என்னை யாரென்று நினைத்தீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"வர்றேன் மேடம்" என்றேன்.

மார்ச் 19, புதன்

இடுப்பு விட்டுப்போகிறது. பிரிவுத் தலைவனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும், எனக்கொரு மகன் இருந்திருந்தால். "ஸ்டூல் தாத்தா, அந்தப் பக்கம் போங்க" என்கிறான் எல்லோர் முன்னாலும். மத்தியானம் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசல்வரை போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 30, புதன்

அவளுக்கு இன்றோடு வேலை முடிந்தது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டாள்.

மே 22, வியாழன்

தோளில் மாற்றமில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்" என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வருஷமும் நான் வேலை பிடிக்கவில்லை என்று வீட்டில் படுத்துக்கிடந்தேன்.

ஜூலை 7, திங்கள்

அவள் கை தலைக்கு மேலே எழாது. இனி எழாதாம். அதனால் காலையில் வேலைக்குப் போகும் முன் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். ஜன்னல் பொம்மைகளுக்கு எத்தனை சவுரி பின்னிய கை! இன்றும் ஒப்பேற்றிவிட்டு நகர்ந்தேன். இடது கையால் தடவிப் பார்த்தாள்.

"வெளிய அழகாத்தான் இருக்கு. உள்ள ஸ்டூல் போட்டுட்டீங்களா?"

இருவரும் சிரித்தோம். பிரித்துவிட்டு, முதலிலிருந்து இறுக்கிப் பின்னினேன். அவள் தலை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கிடங்கு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.