ஒற்றை விசில்

ரஷ்யப் புரட்சியையே கணினிக்குள் அடைத்தவனும், பாத்திரம் கழுவும் முறை வந்தபோதெல்லாம் தலைமறைவானவனுமாகிய அண்ணனுக்கு, இப்போது உன் முறையையும் சேர்த்துக் கழுவும் தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டிருப்பதால் நான் கூடுதல் நலம்.

வெளியிடும் முன் ஆடிப் பார்த்துப் பிழை இருந்தால் எழுதச் சொல்லி உன் விளையாட்டை அனுப்பியிருந்தாய். பிழை பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆளாக உலகத்தில் உன்னைத்தான் பார்க்கிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பனி, அண்ணா! சிவப்புச் சால்வைப் பெண் துண்டறிக்கைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கூரை விட்டுக் கூரை தாவும்போது, பனி கீழே விழுகிறதா, நகரம்தான் மெல்ல மேலே மிதக்கிறதா என்று தெரியவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும் பெண்களின் மூச்சு புகையாகிப் போய்த் தெருவிளக்கைச் சுற்றிக்கொள்கிறது. அதை வாய் பிளந்து பார்த்து நின்றதில் போலீஸ் என்னைப் பிடித்துவிட்டது.

ஜார் மன்னர் வீழ்ந்த கட்டத்தில், "அம்மா, ஜாரைக் கவுத்தாச்சு!" என்று கத்தினேன். "பெரிய ஜாரா, சின்ன ஜாரா? மிக்ஸிப் பக்கம் போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். முடியாட்சி போய்விட்டது என்று விளக்கினேன். மூடி எங்கேடி போச்சு என்று கேட்டாள்.

இனிப் பிழைக்கு வருகிறேன். ரயில் நிலையக் கட்டம்.

கடைசி ரயில் கிளம்பும் இடத்தில் மீசைக்கார அதிகாரி ஒருவர் நிற்கிறார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "ஏறினா ஏறு, இல்லேன்னா வழிய விடு." ரஷ்யாவில் அந்தத் தட்டை எங்கே கண்டுபிடித்தாய்? நம் கண்டக்டர் அப்பா பேருந்தைத் தட்டுகிற தட்டு அது. உனக்குச் சொல்லி வைத்திருந்த டெப்போ வேலைக்குப் போகமாட்டேன், படம் வரையத்தான் போவேன் என்று நீ பெட்டியோடு நின்ற அன்று அவர் சொன்னதும் அதே வாக்கியம்தான். நீ ஏறவில்லை, வழியை விட்டாய், அந்த வழியே போயும்விட்டாய். அன்றிலிருந்து உங்கள் பேச்சுவார்த்தை முழுக்க என் வழியாகத்தான். சாப்பிட்டானான்னு கேளு. சாப்பிட்டேன்னு சொல்லு.

நான் அந்த ரயிலைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். தோளில் பை அப்படியே இருக்க, திரையைப் பார்த்து நின்றுவிட்டார். யாருடி அந்த ஆளு என்றார். வில்லன்பா என்றேன். "வில்லனா? வண்டி நேரத்துக்குக் கிளம்பணும்னு நிக்கிறான். அதுல என்ன வில்லத்தனம்?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

பனி, தட்டு, வாக்கியம், விசில், ரயில் நகர்ந்தது.

"ஒத்த விசில் அடிக்கிறான். வண்டி போகுதே?"

ஒற்றை விசிலுக்கு நிற்க வேண்டும், இரட்டைக்குப் போக வேண்டும். நாம் நடை பழகியதே இந்தச் சட்டப்படிதானே! அண்ணன் தெரியாமல் போட்டிருப்பான், எழுதிவிடுகிறேன் என்றேன். "அவனுக்கா தெரியாது?" என்று உட்கார்ந்தார். பனியைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "வாய்தான் வழிய விடுங்குது. விசில் நில்லுன்னுதான் அடிக்கிறான். வண்டிக்குத்தான் கேக்கலை."

அவர் கேட்காமலே இன்னொரு தடவை போட்டேன்.

அதிலிருந்து தினமும் வந்ததும் அந்த ஸ்டேஷனைப் போடு என்கிறார். அவர் ஆடினால் சிவப்புச் சால்வைப் பெண் ரயிலில் ஏறுவதே இல்லை, அதிகாரி பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள். ரயில் போன பிறகும் அந்த மனிதர் நகர்வதில்லை, கவனித்தாயா? கவனிக்காமல் என்ன, வரைந்தவனே நீதானே. தொப்பி முழுக்க வெள்ளையாகும்வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ரயிலைப் பிடிக்கப் பறப்பவர்கள் யாரும் இதுவரை அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரத்துக்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தாய். உன் ஆட்கள் விசிலைத் திருத்தச் சொன்னால் கேட்காதே, அண்ணா. விசில் சரியாகத்தான் இருக்கிறது. ரயில்தான் பிழை. அதைக் கொஞ்சம் நிறுத்து. வரலாறு கெட்டுவிடும் என்பாய். ஒரு ரயில் நின்று போனதால் ஜார் எழுந்து வந்துவிட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுப்பு. அவர் எண்ணுக்கே கூப்பிடு. சாப்பிட்டீங்களாப்பா என்று ஆரம்பி, போதும். சின்னவள் பெரியவனை ஆசீர்வதிக்கக் கூடாதாம். அதனால் கெஞ்சுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு தூது வேலையை ராஜினாமா செய்யும்,
உன் அன்புத் தங்கை.