சந்தனம் வைத்த வால்வு

ஆரணி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு ராதிகா எழுதுவது. இங்கே மாமாவும் காவ்யாவும் சுகம். நானும் இருக்கிறேன். அங்கே உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் உங்கள் ரூமில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அழக்கூட முடியவில்லை. அதனால்தான் குவைத்துக்குத் திரும்புகிற ராஜ்குமார் அண்ணனிடம் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருஷம் அங்கே வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னீர்களே, இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

நீங்கள் போனதும் சாயப்பட்டறையில் உங்கள் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். டிப்ளமா படித்த பெண்தானே, சமாளிப்பாள் என்றார்கள். நானும் சந்தோஷமாகத்தான் போனேன். ஆனால் நீராவி வால்வை மூடித் திறக்கிற அந்த மோட்டார் இருக்கிறதே, அது என் பிராணனை வாங்குகிறது.

ஆயுத பூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தார்கள். முதலாளியின் அம்மா, மோட்டார் தலையில் முள் தெரிகிற கண்ணாடி மேலேயே கெட்டியாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டுவதே அந்த முள்தான். மறுநாள் துடைக்கப் போனேன். 'சாமிக்கு வெச்சதத் தொடைக்கறதாம்மா? தானா உதிரட்டும் வுடு. போர்டுல பச்ச லைட் எரியுதில்ல, அது போதாதா?' என்று முதலாளி தடுத்துவிட்டார்.

வால்வு மூடியதும் எரிகிற அந்தப் பச்சை விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. ஆனால் மோட்டார் தலைக்குள்ளே சுவிட்சைத் தட்டுகிற கட்டையின் திருகு தளர்ந்து, கட்டை நகர்ந்திருக்கிறது. வால்வு முழுசாக மூடும் முன்பே சுவிட்சைத் தட்டிவிட்டு, மூடியாச்சு என்று போர்டில் பொய் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு, அலசுகிற தொட்டி வெதுவெதுப்பாக இருக்கும் என்று நம்பி, நூலை எடுக்க வீரன் அண்ணன் கையை விட்டார். கசிந்த நீராவியில் தண்ணீர் கொதிக்கிற சூட்டில் இருந்தது. பட்டறை முழுக்க எப்போதும் ஆவிதானே, யாருக்கும் தெரியவில்லை. முழங்கை வரை வெந்துவிட்டது. ஐயோ, அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி அம்மணி அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'இன்னாம்மா இப்படி எளைச்சுட்ட, சாப்ட்டியா?' என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பட்டறைக்குத் திரும்பி வந்து மெயினை அணைத்து, கைப்பிடியால் வால்வைக் கடைசி வரை மூடி, சரியாக அங்கே சுவிட்ச் விழுகிற மாதிரி கட்டையைத் திருப்பி முறுக்கினேன். மோட்டார் அதற்கு மேல் சுற்றாமல் தடுக்கிற போல்ட்டை, சுவிட்ச் விழுகிற இடத்துக்கும் ஒரு மயிரிழை தள்ளி வைத்தேன். இல்லாவிட்டால் மோட்டார் அதில் முட்டிக்கொண்டு சூடேறும், உங்களுக்குத் தெரியாததா. கண்ணாடியையும் துடைத்துவிட்டேன், யாரையும் கேட்கவில்லை.

இப்போது வால்வு நன்றாக மூடுகிறது. ஆனால் பட்டறையில் ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்லை. 'ராதிகா மொதல்ல கை வெச்சாத்தான் நாங்க வெப்போம்' என்று சொல்லிவிட்டார்கள். சாயம் போடுகிற தனகோடி அண்ணனிடம் தெர்மாமீட்டரைக் காட்டினால், 'அதுவும் மிஷினுதானம்மா' என்கிறார். அவரை என்னவென்று குறை சொல்வது? ஒவ்வொரு தொட்டியிலும் முதலில் நான்தான் கை விடுகிறேன். எல்லோரும் சுற்றி நின்று என் முகத்தையே பார்க்கிறார்கள். பயத்தைக் காட்டாமல் நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் மாமாவுக்கு மாத்திரை, காவ்யாவுக்கு வீட்டுப்பாடம், அப்புறம் சமையல். முடியலைங்க, நிஜமாகவே முடியலை. நேற்று காவ்யா என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்கும் நீதான் மொதல்ல வெக்கணுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அப்புறம் சாப்பிடவே இல்லை.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். என் கை நன்றாக இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
ராதிகா