எட்டாவது வெர்ஷன்

ஜூன் 12, வியாழன்

எட்டாவது வெர்ஷன் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு! எங்கள் மேனேஜர் நவநீத் ஆபீஸ் முழுக்க சந்தேஷ் ஸ்வீட் கொடுத்தார்.

போட்டோவைப் பார்த்தே வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்கும் ஏஐ மாடல். ப்ராஜெக்டில் வாய்ப் படங்கள் எல்லாம் ஒரே குவியல். அவ்வப்போது அதிலிருந்து ஒரு வெர்ஷன் எடுத்துப் பூட்டுவோம்; அப்புறம் ஒரு படத்தைக்கூடச் சேர்க்க முடியாது. அதில் ஒரு பங்கு மாடல் படிக்க, ஒரு பங்கு அதற்குப் பரீட்சை வைக்க.

சாயங்காலம் டாலிகஞ்ச் வீட்டுக்கு வந்ததும் அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லிப் படமெடுத்தேன். ரிட்டயரானதிலிருந்து புகையிலை போட்ட ஜர்தா பான்தான். கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் புண், ஆறவே மாட்டேன் என்கிறது. மாடல் 'நார்மல்' என்றது.

"பாத்தியா? டாக்டர் டாக்டர்னு பிராணனை வாங்கினியே!"

ஜூன் 20

பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரிடம் அப்பா என் பெருமையை அளந்துகொண்டிருக்கிறார்.

ஜூலை 7, திங்கள்

எட்டாவது வெர்ஷனின் படப் பட்டியலை ஏழாவதோடு ஒத்துப் பார்த்தேன்.

புது வெர்ஷன் எடுக்கும்போதெல்லாம், பங்கு பிரிக்கும் டூல் படங்களைக் கலைத்துப் போட்டிருக்கிறது. ஏழாவதில் பாடமாக இருந்த படம் எட்டாவதில் பரீட்சைக் கேள்வி. நாங்களோ ஏழாவதைப் படித்த மாடலுக்கே எட்டாவதையும் சொல்லிக்கொடுத்தோம். கேள்வித்தாளை முன்னாடியே பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை! மண்டு, மண்டு — ஏன் இத்தனை நாள் தோணலை எனக்கு?

முதலிலிருந்து ஒழுங்காகப் பயிற்றுவித்துப் பார்த்தேன். அறுபத்தொன்று.

அப்பா.

ஜூலை 8

"அப்பா, அது தப்பாச் சொல்லிடுத்து. டாக்டர்கிட்ட போலாம்."

"உன் மெஷினே நன்னா இருக்குன்னுடுத்தே. இப்ப என்ன புதுசா?"

கெஞ்சினேன். கத்தினேன். இன்னொரு பான் எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார்.

ஜூலை 26, சனி

சோறு இறங்காத பிறகுதான் வந்தார். பயாப்ஸி முடிவு கையில் இருக்கிறது. புற்றுதான். கழுத்துக்கும் பரவியிருக்கிறதாம்.

"இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "பயம்" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நவநீத்திடம் அறுபத்தொன்றைக் காட்டினேன். கோயம்புத்தூர்க்காரர், கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப்போய்விட்டது.

"எட்டைத்தான் கிளையண்ட்டுக்குக் காட்டியிருக்கோம் மிருதுளா. இதைச் சொன்னா நம்ம எல்லாருக்கும் வேலை போச்சுங்க. இனி புது வெர்ஷன் எதுவும் வேண்டாம்."

கிளையண்ட்டுக்கு நானே மெயில் போட்டேன். உங்கள் மேனேஜரிடம் பேசிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

அப்பாவின் படத்தை ப்ராஜெக்டில் ஏற்றினேன். புண்ணைச் சுற்றிக் கட்டம் வரைந்து, புற்று என்று என் கையாலேயே குறித்தேன். குவியலில் கிடக்கிறது. எட்டு பூட்டியாயிற்று, ஒன்பது கிடையாது. யாருக்காகக் குறித்தேன்?

ஆகஸ்ட் 23, சனி

சாந்த்ராகாச்சியில் கிளையண்ட்டின் வாய்ப்புற்று முகாம். ரயில் யார்டில் சுமை தூக்குகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். டேப்லெட்டில் எட்டாவது வெர்ஷன், பிடித்துக்கொள்ள நான். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும்போது வேலையை எப்படி விடுவது?

ஒருவர் வாயைத் திறந்தார். அப்பாவுக்கு இருந்த அதே இடம், அதே வெள்ளை.

'நார்மல்.'

அதை நம்பாதீர்கள், ஒரு டாக்டரைப் பாருங்கள் என்று என் வங்காளத்தில் மன்றாடினேன். அவர் சிரித்தார்.

"மெஷினே நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சே, தீதி."

கைனிப் புகையிலையைக் கசக்கி உதட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்தவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.