மேற்குச் சுவரும் மதியக் காற்றும்

திருவொற்றியூர்
9.2.2025

அன்புள்ள துரைக்கும், இதை அவனுக்குப் படித்துக் காட்டப்போகும் அவன் வீட்டுக்காரி, தங்கச்சி யசோதராவுக்கும் பிரகாஷ் எழுதுவது. இங்கே நானும் நர்மதாவும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் எனக்கு வாய் கூசுகிறது.

துரை, செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஓசூரில் நீ வாட்ச்மேனாக இருக்கும் அபார்ட்மென்டின் வெளிச்சுவரைக் கழுவும் வேலையை, ஆள் வைத்து உன்னையே பார்க்கச் சொல்கிறார்களாம். "கெமிக்கல பிரஷ்ல பூசறதா, பம்புல அடிக்கிறதா, நுரை மிஷின் வாடகைக்கு எடுக்கறதா மாமு?" என்றாய். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேலையும் இல்லை, வெங்காயமும் இல்லை.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கையகலம் பூசிப் பார். பெயிண்ட் வெளுத்தால் இன்னும் தண்ணீர் சேர். ரெண்டு கெமிக்கலை ஒன்றாகக் கலந்து தொலைக்காதே. சுவரை நனைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்; காய்ந்த சுவர் குடித்துவிடும், அப்புறம் திட்டுத் திட்டாக நிற்கும். கீழிருந்து மேலே பூசு, மேலிருந்து கீழே கழுவு. ஜன்னல் ஓரம், செடி ஓரம் எல்லாம் பிரஷ்தான். நேரம் ஆகும், ஆகட்டும். உயரத்துக்கு நுரை நல்லது. சுவரிலேயே ஒட்டி நிற்கும், பறக்காது. பம்பில் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காற்று முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும்தான் பம்பைத் தொடலாம். அதையும் உன் கன்னத்தில் நீயே பார்த்துக்கொள். எவன் சொன்னாலும் நம்பாதே.

யசோதரா, இனிமேல் வருவதையும் விடாமல் படியம்மா.

துரை, போன சித்திரையில் அந்தக் குளிர்பதனக் கிடங்கின் மேற்குச் சுவரில் துருக் கறைக்கு ஆசிட் அடித்துக்கொண்டிருந்தோமே, அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்கிறேன். காலையில் கரைக்காற்று நம் முதுகுக்குப் பின்னால் இருந்தது, பம்பு சரி. மதியம் கடல்காற்று எழுந்தால் சாரல் திரும்பி முகத்தில் அடிக்கும், அதற்குள் பிரஷுக்கு மாறிவிட வேண்டும் என்பது நம் ஏற்பாடு. அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. "காத்து மேட்டர் உன்துதான் மாமு, நீ கடலுக்குப் பொறந்தவன், நான் வியாசர்பாடில பொறந்தவன்" என்று நீதான் கிண்டலடிப்பாய்.

பன்னிரண்டு மணி இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடிக்குள் ஆவி கட்டி ஒன்றும் தெரியவில்லை உனக்கு. சாரத்தின் மேலிருந்து, "காத்து திரும்பிக்கிச்சா மாமு? கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கவா?" என்று கேட்டாய். இன்னும் இல்லை, ஏற்றிக்கொண்டு சீக்கிரம் முடி என்றேன்.

திரும்பியிருந்தது, துரை. உப்பு வாசம் என் மூக்கில் ஏறி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சுவரில் மீதி இருந்தது ரெண்டு ஆள் அகலம். பிரஷ் எடுத்தால் மறுநாளும் வர வேண்டும். மறுநாள் ஞாயிறு, லீவு போய்விடுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். பெரிதாக ஏதாவது இருந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறும்.

நீ கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தியதும் தண்ணீர் ஊற்றினேன், ஆட்டோ பிடித்தேன், ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் தோஸ்து என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். காண்ட்ராக்டர் மதார் சாகிப் விசாரித்தபோது, "கண்ணாடிய அவனேதான் ஏத்திக்கினான் பாய்" என்றேன். அதில் பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

இடது கண் போய், வலது கண்ணும் மங்கிய பிறகு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "திடீர்னு திரும்புற காத்துக்கு நீ இன்னா பண்ணுவ? எம்மேலதான் தப்பு. உனுக்கும் பேஜாரு வெச்சிட்டேன் மாமு" என்றாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பத்து மாதமாக ஒவ்வொரு போனிலும் சொல்ல வாயெடுக்கிறேன். நீ சிரித்துப் பேசிவிடுகிறாய், என்னால் முடியவில்லை.

நாளை காலை மதார் சாகிப்பிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவருடைய விபத்து ரிப்போர்ட்டில் உன் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது. அதை மாற்றியாக வேண்டும். என் வேலை போனால் போகட்டும்.

யசோதரா, போனில் உன் குரலும் எனக்குக் கேட்கும். அவன் தடுமாறி எதையாவது தட்டிவிட்டால், "கண்ணாடிய ஒயுங்கா போட்டுனு இருந்தா இந்த கதி வருமா?" என்று கத்துவாய். அவனும், "ஆமா, எந்தப்புதான்" என்பான். உன்மேலும் குற்றம் இல்லையம்மா, நான் சொன்னதைத்தானே நீயும் நம்பினாய்.

நீங்கள் ரெண்டு பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ ஒன்று மட்டும் செய்யம்மா. படிப்பதை இங்கே நிறுத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, உன்மேல் தப்பு இல்லை என்று சொல்லிவிடு. நான் சொல்லியிருக்க வேண்டியது. இனி என் வாயால் சொன்னால் அவன் எப்படி நம்புவான்?

பிரகாஷ்