மிஷினுக்கு ஏசி, எனக்கு ஃபேன்

ஜூன் 9, திங்கள்

மாடி ரூமில் மிஷின் சுகமாக இருக்கிறது. ஏசி பதினெட்டில். கீழே எனக்கு ஒரு ஃபேன், அதுவும் கட்டக் கட்டக் என்று சத்தம் போடும். மிஷினுக்கு ஏசி, எனக்கு ஃபேன். போன பிறவியில் அது என்ன தானம் பண்ணியதோ.

இன்றைக்கு மகள் லோகப்பிரியா ஒரு பெண்ணைக் கூட்டி வந்தாள். பேர் ரெபேக்கா. டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவாம். கம்பெனிக்கு யோசனை சொல்ல வந்த நிபுணராம். லோகு நடத்துகிற ‘பட்டி’ இருக்கிறதே - மாடு குதிரை விக்கிறவனும் வாங்குகிறவனும் போனிலேயே படம் பார்த்து, விலை பேசி, சந்தையில் இடமும் லாரியும் பிடித்துக்கொள்கிற சேவை - அது மொத்தமும் ஓடுவது என் மாடியில் இருக்கிற சர்வர் மிஷினில்தான். அதை அப்படியே கிளவுடுக்கு மாற்றப் போகிறார்களாம்.

“அது எங்கீங்க அம்மணி இருக்குது? மேகத்துக்குள்ளயா?” என்றேன்.

“இல்லீங்க அங்கிள். பெரிய கம்பெனிக்காரங்க ஆயிரக்கணக்குல மிஷின் வெச்சிருப்பாங்க. நமக்கு வேணுங்கற அளவு அதுல வாடகைக்கு எடுத்துக்குவோம்.”

வாடகைக்கு.

சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குக் குடிபோனவனை இந்தக் கணபதி ஏரியாவில் நான் பார்த்ததே இல்லை. இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேறு. வந்த கோபத்தில் காபி குடிக்கிறீங்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோகுதான் போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

கோபம் இன்னும் போகல.

ஜூன் 14, சனி

அந்தப் பெண் மறுபடி வந்தாள். மிஷினைப் பார்க்க வேண்டுமாம். ரூம் சாவி என்னிடம்தான் இருக்கும்.

“சாவியக் காணமுங்க அம்மணி. எலி கிலி தூக்கிட்டுப் போயிருக்கும்.”

லோகு படியில் நின்றுகொண்டே சொன்னாள். “அப்பா, மடியில இருக்கறத எடுங்க.”

“ஊடு என்னுது.”

“ஊடும் உங்குளுதுதான், எலியும் உங்குளுதுதான். சாவியக் குடுங்க.”

கொடுத்தேன். உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“நானு ஓடுவேன். பேட்டரி தீர்றதுக்குள்ள ஜெனரேட்டரப் போட்டுருவேன்.”

“உங்களுக்குக் காய்ச்சல்னா?”

“காய்ச்சலோட ஓடுவேன்.”

அவள் அதை லேப்டாப்பில் எழுதிக்கொண்டாள். என் காய்ச்சலைக் கூட எழுதிக்கொண்டு போகிறாள். என்ன பிழைப்பு இது.

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தை அன்றைக்கு மிஷின் படுத்துவிட்டது. அது வாஸ்தவம். ஊர் ஜனம் மொத்தமும் ஒரே சமயத்தில் பட்டிக்குள் நுழைந்தால் அது என்ன செய்யும், பாவம். குதிரை வியாபாரி முஸ்தபா போனில் கூப்பிட்டு, “குதிரையும் நிக்குது, வாங்க வந்தவரும் நிக்கறாரு, உங்க பட்டி மட்டும் படுத்துக் கெடக்குதுங்களே” என்றார். அதற்குப் பிறகு பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். இந்த வருசமும் படுத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்கிறாள் லோகு.

“அப்ப இன்னொரு மிஷின் வாங்கிப் போடு, போ” என்றேன்.

ரெபேக்கா சிரித்தாள். “உங்க மக கல்யாணத்துக்கு மண்டபம் கட்டுனீங்களா அங்கிள், வாடகைக்கு எடுத்தீங்களா?”

“வாடகைக்குத்தான்.”

“ரெண்டு நாளு அத்தன பேரும் வந்து சாப்பிட்டாங்க. அப்பறம் சாவியக் குடுத்துட்டு வந்துட்டீங்கல்ல. சந்தையும் அப்படித்தான். மண்டபம் கட்டி வருசம் பூரா காவல் காக்கோணுமா?”

சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். பதில் வராதபோது வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

காரமடையிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். மனோஜ்குமார் நல்ல மனுசன். ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். லோகு இங்கே என்னோடு இருக்கிறாள், ஞாயித்துக்கிழமை மட்டும் காரமடை போவாள். மிஷினுக்கு எந்த நேரத்தில் என்ன வருமோ, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இன்றைக்குச் சாப்பிடும்போது இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மாமா, மிஷின் போயிருச்சுன்னா லோகு ஊட்டுக்கு வந்துருமுங்களா?”

“ரசம் ஊத்திக்குங்க மாப்ள” என்றேன்.

ஓகோ. இதுதான் சங்கதியா. நிபுணராம், கிளவுடாம், மண்டபமாம். எம்மகள இங்கிருந்து கூட்டிட்டுப் போறதுக்கு இத்தன சுத்தா? நேரா வந்து கேட்டா நானு என்ன கடிச்சா போடுவேன்?

கடிச்சுத்தான் போடுவேன்.

என் சம்சாரம் கருப்பாத்தா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் என்னோடு சண்டை போட ஆள் இவள் ஒருத்திதான். சண்டை போடாமல் நான் எப்படிப் பொழுதை ஓட்டுவது? சுவத்தோடயா?

ஜூன் 27, வெள்ளி

நல்ல ரோசனை ஒன்று கிடைத்தது. ஆடி.

முழுசும் மாற்றி முடிக்க ஆடி பிறந்துவிடும் என்று ரெபேக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெத்தலையை மடித்தபடி சொன்னேன். “ஆடியில குடி மாறுனா வெளங்குமாங்க அம்மணி? ஆவணிக்கு வெச்சுக்கலாம்.”

லோகு முகம் சுண்டிப்போனது. சந்தை ஆடிக் கடைசியில். ஆவணியில் மாற்றி என்ன பிரயோசனம்? அவளுக்கும் அதில் நம்பிக்கை உண்டு, ஆடியில் கை வைக்கப் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். சந்தை கெட்டால் கெடுவது எம்மக பிழைப்பு, அதுவும் தெரியும். அப்புறம் ஏன்டா சொன்னே செங்கோடா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ரெபேக்கா லேப்டாப்பை மூடினாள். வேதக்காரப் பிள்ளை, இவளுக்கு ஆடியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

“எங்க தெருவுல ஒரு அக்கா, ஆடி வருதுன்னு ஆனியிலயே புது ஊட்ல பால் காய்ச்சிட்டு, உப்பும் பருப்பும் வெச்சுட்டு வந்துட்டாங்க அங்கிள். சாமானெல்லாம் மெதுவாத்தான் போச்சு. அது தப்புங்களா?”

“தப்பில்ல” என்று என் வாயே சொல்லிவிட்டது.

“அப்ப நாமளும் மொதல்ல மாட்டுப் படத்த மட்டும் அங்க கொண்டுபோய் வெச்சுருவோம். ஓட்டிப் பாப்போம். அப்பறம் மத்தது ஒவ்வொண்ணா. மொத்தமாத் தூக்கிட்டுப் போனாத்தான் ஒடையும். நானு எல்லா எடத்துலயும் இப்படித்தான் செய்யச் சொல்றது.”

என் கத்தியைப் பிடுங்கி என்னையே வெங்காயம் நறுக்க வைத்துவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

நல்ல நேரம் பார்த்து லோகு வீட்டு முன்ரூமில் இருக்கிற ஆபீஸ் அடுப்பில் பால் காய்ச்சினாள். பொங்கியது. வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். அப்புறம் யாரும் இல்லாதபோது குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஜூலை 2, புதன்

மாட்டுப் படம் முன்னைவிட வேகமாக வருகிறது. சனியன்.

ஜூலை 11, வெள்ளி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

லோகு காலையிலேயே காரமடைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமையில் என்ன வேலை என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். பொழுதோட வழக்கம் போல வீடெல்லாம் சாம்பிராணி போட்டேன். மிஷின் ரூமுக்குள் மட்டும் போடக்கூடாது என்று அவள் உத்தரவு. ஆனால் மனசு கேட்கவில்லை. வரும் திங்கட்கிழமையோடு அதற்கு வேலை முடியப் போகிறது. இத்தனை வருசம் நம் வீட்டில் இருந்து சோறு போட்ட மிஷின், வெறுமனே அனுப்பலாமா? மாட்டை விற்றால் கூட மஞ்சத்தண்ணி தெளித்து, பொட்டு வைத்துத்தான் கயிற்றைக் கைமாற்றுவோம். கரண்டியில் நெருப்பை நன்றாக ஊதி, உள்ளே கொண்டுபோய் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

மேலே என்னமோ கீச்சென்று கத்தியது. டப்பென்று ரூமில் கரண்ட் போய்விட்டது. புகை வந்தால் தானாக நிறுத்துகிற கருவியாம், இப்போதுதான் தெரியும். ஒரு விளக்கு பாக்கி இல்லாமல் அணைந்துபோனது. அந்த மிஷினை அப்படி இருட்டாக நான் பார்த்ததே இல்லை.

பட்டி போச்சுன்னு நெனச்சேன். எம்மக பொழப்ப நானே ஊதி அணச்சுப்போட்டேன்னு நெனச்சேன். படியில உக்காந்துட்டே போனப் போட்டேன்.

“கண்ணு, மிஷினக் கொன்னுபோட்டேன்.”

“என்னப்பா பண்ணுனீங்க?”

“சாம்பிராணி.”

அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிக்கிறாள். “பட்டி ஓடிட்டுத்தாங்கப்பா இருக்குது. நேத்தே மொத்தமும் அங்க மாத்தியாச்சு. அந்த மிஷின்ல இப்ப ஒண்ணுமில்ல, சும்மா ஒரு தைரியத்துக்கு ஓடிட்டு இருந்துச்சு.”

“நேத்தேவா?”

“ரெண்டு நாளு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லலாம்னு...”

“என்ற ஊட்ட உட்டுப் போனத எனக்குச் சொல்லல.”

“சொல்லியிருந்தா மறுக்காவும் எலி சாவியத் தூக்கிட்டுப் போயிருக்குமே அப்பா.”

போனை வைத்துவிட்டேன்.

நேத்து ராத்திரியும் எந்திரிச்சுப் போய் விளக்கு எரியுதான்னு பாத்துட்டு வந்தேனே. வெறும் பொட்டிய. உள்ள ஒண்ணுமில்லாத பொட்டிக்கு நானு காவலு. பட்டியில இருக்கற அத்தன பேர்ல ஒருத்தனுக்குக் கூட அது நின்னது தெரியல. ஒருத்தனுக்கும்.

ஜூலை 12, சனி

பேசவில்லை. அவளும் பேசவில்லை. இட்லி மட்டும் வந்தது.

ஜூலை 16, புதன்

ஆனி இன்றோடு சரி.

லோகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நகத்தைப் பார்த்தாள். “அப்பா, நானு காரமடைக்கே போயரலாம்னு இருக்கறேன். வேலைய அங்கிருந்தே பாத்துக்கலாம். மத்தவங்களும் அவங்கவங்க ஊட்ல இருந்து பண்ணிக்குவாங்க.”

நான் தயாராக இருந்தேன். “நாளைக்கு ஆடி. ஊரு ஒலகத்துல ஆடிக்கு மகள ஊட்டுக்கு அழைப்பாங்க. நீயி ஆடியில கெளம்பறேங்கறே. ஆவணி வரட்டும்.”

“போன வெள்ளிக்கெழமயே காரமடையில பால் காய்ச்சியாச்சுங்கப்பா. உப்பும் பருப்பும் கொண்டுபோய் வெச்சுட்டு வந்துட்டேன்.”

“நீ கட்டிக்கிட்டுப் போன ஊட்டுக்கு எதுக்குப் பாலு?”

“நீங்க ஆடின்னு சொல்லுவீங்கன்னுதான்.”

திட்ட வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்து தொலைத்தது. அப்படியே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இவளுக்கு இந்த வில்லங்கப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கருப்பாத்தா மேலிருந்து என்னைத்தான் கை காட்டுவாள்.

“நீங்களும் வாங்களேன்.”

“மாப்ள ஊட்ல போயி மாமனாரு குடியிருக்கறதா? போ கண்ணு. போயி உன்ற ஊட்டப் பாரு.”

சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

லோகுவைக் கூட்டிப் போக மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்தார். போகும்போது என் ஃபேனை எண்ணெய் போட்டுச் சரி பண்ணிவிட்டுப் போனார். இப்போது சத்தமே வரவில்லை. அந்தச் சத்தமாவது இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அந்தியூர். என்னையும் கூட்டிப் போனார்கள். குதிரைச் சாணமும் கரும்புச் சாறும் சேர்ந்து ஒரு வாசம். நடக்க இடமில்லை. லோகு ஒரு கொட்டாயில் உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டில் ரத்தமே இல்லை. ரெபேக்கா பக்கத்தில்.

போன வருசம் படுத்த நேரம் வந்தது. கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. நான் முஸ்தபாவைத் தேடிப் போனேன். குறை சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா?

“ஏனுங்க, படுத்துருச்சுங்களா?” என்றேன், ஆசையாக.

“எங்கீங்க? போன வருசம் குதிரைய உட்டுப்போட்டுப் போனப் புடிச்சுட்டு நின்னேன். இந்த வருசம் மூணு பேரு வெல கேக்கறாங்க, குதிரையப் புடிக்கத்தான் ஆளில்ல. இந்தக் கயித்தச் சித்த புடிங்க.”

பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குதிரையும் என்னைப் பார்த்துக் கனைத்தது.

திரும்பி வந்தபோது லோகு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் வந்திருந்தது. ரெபேக்கா சொன்னாள். “காலையிலயே மண்டபத்தப் பெருசாக்கிட்டோம் அங்கிள். சந்தை முடிஞ்சதும் சாவியக் குடுத்துருவோம்.”

“பத்திரமா வெச்சுக்குங்க அம்மணி. இந்தப் பக்கம் எலி சாஸ்தி.”

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மிஷினை வந்து எடுத்துப் போய்விட்டார்கள். ஏசியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ரூமில் மிஷின் நின்ற இடத்தில் மட்டும் தரை புதுசாக இருக்கிறது.

மத்தியானம் கரண்ட் போனது. எழுந்து ஓடினேன். ஒரு செருப்புதான் காலில் இருந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. யாருக்கு ஓடி வந்தேன்? மூச்சு வாங்கியது. அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

போன் அடித்தது. லோகு.

“அப்பா, கரண்ட் போச்சுங்களா? கணபதியில நிறுத்தறாங்கன்னு மெசேஜ் வந்துச்சு.”

“போச்சு. அதுக்கு உனக்கென்ன? உன்ற மிஷின்தான் வாடகை ஊட்ல இருக்குதே.”

“ஜெனரேட்டர் போட்டீங்களா?”

“எதுக்கு?”

“எதுக்கா? இந்த வெக்கையில உங்களுக்குக் காத்து வேண்டாமா? மொதல்ல போய்ப் போடுங்க. சத்தம் கேக்கற வரைக்கும் வெக்க மாட்டேன்.”

போட்டேன். கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

மாடி ரூமில் நாற்காலி போட்டு, ஏசியைப் பதினெட்டில் வைத்து, மிஷின் நின்ற இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துண்டைப் போர்த்திக்கொண்டும் பல்லு அடிக்கிறது. இந்தக் குளிரில் அது எப்படித்தான் அத்தனை வருசம் இருந்ததோ, பாவம். இருபத்தஞ்சில் வைத்துக்கொண்டேன்.