தலைப்பொங்கலுக்கு வைத்த கருணைக்கிழங்கு

மாமா,

காலையிலிருந்து உள்ளங்கை அரிக்கிறது. பெரிய விஷயமில்லை, கருணைக்கிழங்கு தோல் உரித்தேன். நீங்கள் ஐப்பசியில் கண்ணை மூடியபின் வரும் முதல் பொங்கல் இது. மூன்றாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிறேன். அங்கே உட்கார்ந்துகொண்டு பிழை பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அக்காவைக் கட்டிக்கொண்டு தலைப்பொங்கலுக்குப் பாகூர் வந்தீர்களே, அப்போது எனக்குப் பதினாறு வயது. புது மாப்பிள்ளையைக் கொழுந்தியாள் சும்மா விடலாமா? செருப்பை ஒளித்தேன், வெற்றிலையில் மிளகாய் வைத்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். அதில்தான் எனக்கு ரோஷம் வந்தது. அடுக்களையில் கை வைத்தேன்.

மார்கழி தை காய்களைப் பொறுக்குவதில் அம்மா ஊரறிந்த கை. மொச்சைக் காயைத் தடவியே உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லுவாள். பரங்கியைத் தட்டிப் பார்த்தே இனிக்குமா சப்பென்றிருக்குமா என்பாள். கருணையைத் தோண்டிய கையோடு சமைக்கவே மாட்டாள். புதுசு தொண்டையைக் காறும். மணலில் போட்டு வைத்து, நன்றாக வாடிச் சுருங்கியதாகத் தேடி எடுப்பாள். அப்படி உங்களுக்கென்று அவள் எடுத்து வைத்ததை ஒளித்துவிட்டு, கிணற்றடியில் அப்போதுதான் தோண்டிய நாலு கிழங்கை வேகப் போட்டேன். உரித்து மசித்ததும் நான்தான். படையலுக்கு முன் ருசி பார்க்கும் வழக்கமில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்த அப்பா ஒரு வாய் வைத்ததும் துப்பினார். எழுந்து, எல்லோர் முன்னாலும் அம்மாமேல் கை ஓங்கினார். "மாப்ளைக்கு வெஷம் வெக்கிறியாடி?"

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஊரையே கிண்டல் செய்கிற வாய் அப்போது திறக்கவில்லை.

நீங்கள் இலையை முன்னால் தள்ளினீர்கள். உதடு தடித்துப் போயிருந்தது, கண்ணில் நீர். "எனக்குக் காறல் இல்லாம சோறு எறங்காது மாமா. இன்னும் கொஞ்சம் வையிங்க அத்தை" என்றீர்கள். வாங்கி, வழித்துச் சாப்பிட்டீர்கள். அப்பாவின் கை இறங்கியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன்.

பிறகு கிணற்றடியில் வாய் கொப்பளித்துவிட்டு, பாதி போன குரலில் என்னிடம் சொன்னீர்கள்: "நகத்துல புது மண்ணு இருக்குது புள்ள, கழுவு. அத்தைகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்."

நான் சொல்லவில்லை. அம்மா அன்றோடு காய் பொறுக்குவதை விட்டாள். அவரையோ கத்தரியோ, எதை எடுத்தாலும் என்னிடம் நீட்டி, நீயே பார் என்பாள். எனக்கென்ன, பெரிய மனுஷி ஆகிவிட்டதாக நினைப்பு. அப்பா காலமாகி அவள் என் வீட்டோடு வந்தபின்னும் அப்படித்தான். வருஷா வருஷம் தைக்கு, வழியில் எல்லைச் சுங்கச்சாவடிக்காரன் சோதனை என்று கிளறிப் போட்ட கூடையோடு பண்டசோழநல்லூரில் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பேன். உள்ளே வா என்பதற்கு முன்பே, சொல்லிவிட்டாயா என்று கேட்பீர்கள். உங்கள் உதட்டு வீக்கம் இன்னும் வடியவில்லை என்று எதையாவது சொல்லி மழுப்புவேன்.

இன்று காலையிலும் அம்மா ஒரு கிழங்கை என்னிடம் நீட்டினாள். வாங்கி உரிக்கும்போதுதான் உறைத்தது. சொல்லிவிட்டாயா என்று கேட்க இனி யாருமில்லை. விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொல்லிவிட்டேன், மாமா.

திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தினி வருசமா என் கைய நானே நம்பலியேடி" என்றாள். மாப்பிள்ளை முன் ஏற்பட்ட அவமானம்தான் அவளுக்குப் பெரிசு என்று நினைத்திருந்தேன். அடி எங்கே விழுந்தது என்றுகூட எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

நான் உரித்ததை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். மணலுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்து மூன்று எடுத்தாள். புளி கரைத்தாள். மசியலை என் முன்னால் வைத்து, "தின்னு" என்றாள்.

துளிகூடக் காறவில்லை. வெண்ணெய்போல இருந்தது. நீங்கள் அன்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கி விழுங்கினீர்கள். எனக்கு முதல் வாயே இன்னும் இறங்கவில்லை.