நீலம் அடிச்ச தெரு

வெள்ளிக்கிழமை, ராயபுரம்.



வாரம் பூரா டீவில ரெண்டு சேதிதான். கடலோரக் குப்பத்துக்கெல்லாம் பட்டா தர்றோம்னு எலெக்சனுக்கு நிக்கிறவங்க சொல்றாங்க. இந்தப் பக்கம் நெலம் வெல ஏறுதுன்னு இன்னொருத்தன் சொல்றான். அதே நெனப்புல இருந்தேன்.

காலைல அண்ணாச்சி கடைல கடலப்பருப்பு வாங்கினேன். மடிச்சிக் குடுத்த பேப்பர்ல எங்க ஏரியா மேப்பு. தலைப்பு கீற மேல் பாதி கிழிஞ்சிருந்துது. கடலோரத்துல எங்க தெரு வரைக்கும் நீலம் அடிச்சிருந்துது. பட்டா குடுக்கிற எடம் இதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். தெருக்கோடி மேரியக்கா கிட்ட ஓடிப்போய்க் காட்டினேன். அவ அழுதுட்டா. பேப்பர வாங்கி மாதா படத்துக்குப் பக்கத்துல ஒட்டிட்டா. தெரு பூரா கேசரி குடுத்தா.

சாயங்காலம் காலேஜ் வுட்டு வந்த எம் பொண்ணு மேரியக்கா வூட்ல அதப் பாத்துட்டா. என்னை வூட்டுக்கு இட்டுனு வந்து, அதே மேப்ப போன்ல முழுசா காட்டினா.

"இன்னாம்மா நீ! இது விஞ்ஞானிங்க போட்டது. கடல் ஏறி வரப்போற எடத்துக்குத்தான் நீலம் அடிச்சிருக்காங்க. அழுத்தமா கீற எடத்துக்கு மொதல்ல வரும்."

சொல்லிடலாம்னு மேரியக்கா வூட்டுக்குப் போனேன். வாயத் தொறக்கிறதுக்குள்ள கேசரிய ஊட்டி வுட்டா.

"உன் வூட்ட விட என் வூட்டுக்குத்தாண்டி நீலம் அழுத்தமா கீது. மொத பட்டா எனக்குத்தான்"னா.